தோற்கும்போது யாரும் அடையாள அட்டை கேட்பதில்லை

வெள்ளவத்தையில் எங்கள் மாடிக் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் ஒரு தம்பி இருக்கிறான். பகலில் தனியார் நிறுவனமொன்றில் வேலை, மாலையில் படிப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கைத்தொலைபேசியோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றான். "அண்ணா, நீங்கள் கணக்குப் பார்க்கிற ஆள். இதை ஒருக்கால் பார்த்துச் சொல்லுங்கள்" என்று திரையை நீட்டினான். ஒன்லைன் கசினோ ஒன்றில் அவனுடைய கணக்கு. மீதி 4,18,500 ரூபாய் என்று காட்டியது. அதன் கீழே சாம்பல் நிறத்தில் ஒரு சொல்: பரிசீலனையில். பத்தொன்பது நாட்களாக அந்தச் சொல் மாறவில்லை. அவன் கடைசியாகப் போட்ட பணம் 15,000 ரூபாய்.

சூதாடியது சரியா என்ற பேச்சை அன்று நான் எடுக்கவில்லை. வென்ற பணத்தை ஏன் தராமல் இருக்கிறார்கள் என்பதுதான் அவன் கேள்வி. அந்தத் தளத்தின் விதிமுறைப் பக்கத்தைக் காலி வீதியில் ஒரு கடைக்குக் கொண்டுபோய் அச்செடுத்தோம். பொடி எழுத்தில் 38 பக்கம் வந்தது. பின்னேரம் முழுவதும் பென்சிலோடு உட்கார்ந்து இருவரும் படித்தோம். அதன் பிறகு வேறு தளங்களின் விதிமுறைகளையும், வெளிநாட்டு நீதிமன்றங்களுக்குப் போன வழக்குகளையும் நானாகத் தேடிப் படித்தேன். இந்தத் தொழிலில் விளையாட்டு எங்கே முடிகிறது, ஏமாற்று எங்கே தொடங்குகிறது என்று எனக்கு விளங்கியதை இங்கே எழுதுகிறேன்.

கசினோ இலாபம் பார்ப்பதை நான் ஏமாற்று என்று சொல்லமாட்டேன். பந்து எந்த எண் குழியில் விழும் என்று பந்தயம் வைக்கும் ஐரோப்பிய ரூலட் சக்கரத்தில் 37 குழிகள் இருக்கின்றன. ஒரே எண்ணில் வைத்து வென்றால், வைத்த பணத்தையும் சேர்த்து 36 மடங்கு கைக்கு வரும். அந்த ஒரு குழி வித்தியாசம்தான் கசினோவின் பங்கு, நூற்றுக்கு 2.7. அமெரிக்கச் சக்கரத்தில் இரண்டு பூச்சியங்கள் இருப்பதால் அது 5.26 ஆகிறது. பொத்தானை அழுத்திப் படங்களைச் சுழலவிடும் ஸ்லொட் விளையாட்டுகளில், வைக்கும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் 96 ரூபாய் அளவு நீண்ட ஓட்டத்தில் ஆட்டக்காரர்களுக்கே திரும்பும்படி கணக்குப் போட்டிருப்பார்கள். ஒரே ஸ்லொட் விளையாட்டையே 96, 94, 91 என்று வெவ்வேறு விகிதங்களில் தயாரிப்பாளர்கள் விற்கிறார்கள் என்பது பலருக்குத் தெரியாது. படமும் இசையும் ஒன்றாகவே இருக்கும். எந்த விகிதம் ஓடுகிறது என்பதை உதவிப் பக்கத்தின் அடியில் தேடித்தான் பார்க்க வேண்டும். அதுவும்கூட எழுதி வைக்கப்பட்ட கணக்குத்தான். தேடுகிறவனுக்குக் கிடைக்கும்.

நான் பார்த்தவரையில் பெரிய ஏமாற்று காகிதத்தில் நடக்கிறது. ஆட்டம் முடிந்த பிறகு, யாருக்குக் கொடுப்பது, யாருக்குக் கொடுக்காமல் விடுவது என்று கசினோவே தீர்மானித்துக்கொள்ளும் உரிமை அங்கே எழுதப்பட்டிருக்கிறது.

வரவேற்பு போனஸிலிருந்து பார்க்கலாம். "15,000 ரூபாய் போடுங்கள், நாங்கள் இன்னொரு 15,000 தருகிறோம்" என்கிறது விளம்பரம். விதிமுறையில், வைப்பையும் போனஸையும் சேர்த்து 35 மடங்கு ஆடிய பிறகே பணத்தை மீளப்பெறலாம் என்று இருக்கிறது. 30,000 ரூபாயின் 35 மடங்கு என்றால் 10,50,000 ரூபாய். அவ்வளவு தொகைக்குப் பந்தயம் வைத்து முடிக்க வேண்டும். நூற்றுக்கு 4 வீதம் கசினோவுக்குப் போகும் ஸ்லொட்டில் அத்தனையையும் ஆடினால், சராசரியாக இழக்கப்போகும் தொகை 42,000 ரூபாய். கையில் இருப்பதோ போனஸையும் சேர்த்து 30,000. பெரும்பாலானவர்களின் கணக்கு பாதி வழியிலேயே காலியாகிவிடும். அப்படிக் காலியாக வேண்டும் என்றுதான் அந்த 35 என்ற எண்ணைத் தேர்ந்திருக்கிறார்கள். இலவசமாகக் கிடைத்தது என்று நம்பி வாங்கிய போனஸ், சொந்தப் பணத்தையும் சேர்த்துப் பூட்டிவைக்கிறது.

இங்கிலாந்தில் இதைத் தட்டிக்கேட்க ஆள் இருந்தது. அங்குள்ள போட்டி மற்றும் சந்தைகள் அதிகாரசபை 2016 இல் விசாரணை தொடங்கியது. ஆட்டக்காரர் தன் சொந்த வைப்பை மீளப்பெறுவதை போனஸ் நிபந்தனையால் தடுக்கக்கூடாது என்று 2018 இல் லாட்புரோக்ஸ், வில்லியம் ஹில் முதலிய நிறுவனங்களிடம் உறுதிமொழி வாங்கியது. பந்தய நிபந்தனை பத்து மடங்கைத் தாண்டக்கூடாது என்ற விதியை அங்குள்ள சூதாட்ட ஆணையம் 2025 இல் அறிவித்தது. தம்பியின் தளத்தில் இருப்பது 35. அந்தப் பத்துக்கும் இந்த முப்பத்தைந்துக்கும் இடையிலுள்ள தூரம், கேட்பார் இருக்கும் நாட்டுக்கும் இல்லாத நாட்டுக்கும் உள்ள தூரம்.

தம்பி அந்த 35 மடங்கையும் ஆடி முடித்திருந்தான். அது அபூர்வமாக நடக்கும், நடந்துவிட்டது. அதன் பிறகுதான் அவன் மற்றக் கதவுகளில் முட்டத் தொடங்கினான்.

முதல் கதவு காத்திருப்பு. மீளப்பெறக் கேட்டவுடன் பணம் வராது. மூன்று நாள், ஐந்து நாள் என்று "பரிசீலனையில்" கிடக்கும். அந்த நாட்களில் திரையில் ஒரு பச்சைப் பொத்தான் இருக்கும்: கோரிக்கையை இரத்துச் செய்து தொடர்ந்து விளையாடுக. அவன் அதைக் காட்டினான். பச்சைப் பொத்தான் பெருவிரல் அகலம். மீளப்பெறல் எந்த நிலையில் இருக்கிறது என்று காட்டும் எழுத்து அரிசி அளவு. முதலில் அவனுடைய மீதி ஐந்து இலட்சத்துக்கு மேல் இருந்திருக்கிறது. மூன்றாம் நாள் நள்ளிரவு தாண்டி இரண்டு மணிக்கு அந்தப் பொத்தானை அழுத்தி ஒரு பகுதியைத் திரும்ப ஆட்டத்துக்குக் கொண்டுவந்து, விடிவதற்குள் ஒரு இலட்சத்தை இழந்தான். இதை எந்த வடிவமைப்பாளரும் தற்செயலாகச் செய்யவில்லை. மனம் தளரும் நேரத்துக்காகவே வைக்கப்பட்ட பொத்தான் அது. இங்கிலாந்தில் 2021 இல் இப்படி மீளப்பெறலைத் திருப்பியெடுக்கும் வசதியையே தடைசெய்தார்கள்.

இரண்டாவது கதவு ஆவணம். இங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. வைப்புப் போட்ட அன்று அவனிடம் கேட்டது ஒரு மின்னஞ்சல் முகவரியும் தொலைபேசி எண்ணும் மட்டும். பணம் கேட்டவுடன் கடவுச்சீட்டு, வங்கிக் கூற்று, வதிவிடச் சான்று, முகத்துக்கு அருகில் அடையாள அட்டையைப் பிடித்தபடி ஒரு படம் என்று பட்டியல் வந்தது. அனுப்பினான். வங்கிக் கணக்கில் தந்தையின் பெயர் முன்னெழுத்தாக இருக்கிறது, கடவுச்சீட்டில் முழுமையாக இருக்கிறது, "பெயர் பொருந்தவில்லை" என்று திருப்பினார்கள். தமிழர் பெயரில் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை, தகப்பன் பெயர்தான் முன்னால் நிற்கும் என்பதை எழுதி விளக்கினான். பதில் வந்தது, அதே வாசகம். வதிவிடச் சான்றாக மின்சாரப் பட்டியல் கேட்டார்கள். அவன் இருப்பது வாடகை வீடு. பட்டியல் வீட்டு உரிமையாளரின் பெயரில் வருகிறது, அதுவும் பல வருடங்களுக்கு முன் காலமான அவருடைய தந்தையின் பெயரில். கொழும்பில் பாதி வீடுகளின் நிலை இதுதான். கிராம சேவகரிடம் போய்ச் சான்றிதழ் எடுத்து அனுப்பினான். ஆங்கிலத்தில் இல்லை என்று அதுவும் திரும்பி வந்தது.

அடையாளம் பார்ப்பது தவறில்லை. பணச் சலவையைத் தடுக்கவும், சிறுவர்கள் ஆடாமல் தடுக்கவும் அது வேண்டும். அப்படியானால் முதல் ரூபாயை வாங்கும்போதே பார்க்க வேண்டும். 2019 மே மாதத்திலிருந்து இங்கிலாந்தின் விதி அதுதான்: ஆட்டக்காரரின் பெயர், வயது, முகவரியை ஆட விடுவதற்கு முன்பே உறுதிசெய்ய வேண்டும். முன்பே கேட்டிருக்கக்கூடிய ஆவணத்தைப் பணம் எடுக்கும் நேரத்தில் நிபந்தனையாகப் போடக்கூடாது. தம்பி முன்பு இரண்டு மாதங்களாகச் சிறு சிறு தொகைகளைத் தோற்றுக்கொண்டிருந்தபோது அந்தத் தளத்துக்கு அவன் பெயர் பொருந்தியதா என்ற கவலை வரவில்லை.

மூன்றாவது கதவு, ஒரு வீட்டுக்கு ஒரு கணக்கு என்ற விதி. ஒரே முகவரி, ஒரே கருவி, ஒரே இணைய இணைப்பு ஆகியவற்றிலிருந்து ஒன்றுக்கு மேற்பட்ட கணக்குகள் இருந்தால் அனைத்தையும் முடக்கலாம் என்று 22 ஆம் பக்கத்தில் இருந்தது. அவனும் இன்னும் மூன்று பேரும் ஒரு வீட்டைப் பகிர்ந்து இருக்கிறார்கள், ஒரே வைஃபை. அறைத்தோழன் ஒருவனும் அதே தளத்தில் ஆடியிருக்கிறான், 8,000 ரூபாய் தோற்றிருக்கிறான். அவனுடைய வைப்பை வாங்கும்போது அந்த இணைப்பில் இன்னொரு கணக்கு இருப்பது மென்பொருளுக்குத் தெரியாமல் இருந்திருக்க முடியாது. வாங்கிக்கொண்டது. மற்றவன் வென்ற பிறகு அதையே குற்றமாக நீட்டுகிறது.

நாங்கள் விதிமுறையைப் படித்த நான்காம் நாள் கடைசி மின்னஞ்சல் வந்தது. போனஸ் நடப்பில் இருக்கும்போது ஒரு சுழற்சிக்கு 5 டொலருக்கு மேல் வைக்கக்கூடாதாம். அவனுடைய ஆயிரக்கணக்கான சுழற்சிகளில் ஒன்று 1,600 ரூபாய், அதாவது 5 டொலரைச் சற்றுத் தாண்டிவிட்டது. ஆகவே வென்ற தொகை முழுவதும் இரத்து. வைத்த 15,000 ரூபாயை "நல்லெண்ணத்தின் பேரில்" திருப்புகிறார்களாம். 5 டொலருக்கு மேல் வைக்க முடியாதபடி பொத்தானை முடக்குவது மென்பொருளில் ஒரு வரி வேலை. அதைச் செய்யாமல் விட்டிருக்கிறார்கள். ஆட்டக்காரன் தெரியாமல் மீறட்டும், தோற்றால் பேசாமல் இருப்போம், வென்றால் எடுத்துக் காட்டுவோம் என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

அந்த 38 பக்கத்திலும் "எங்கள் முழு விருப்பின்படி" என்று பொருள்படும் சொற்கள் வந்த இடங்களுக்கெல்லாம் கோடு போட்டுக்கொண்டே போனோம். 27 கோடுகள். இந்தச் சொற்கள் ஒரு நீதிமன்றத்தின் முன் போனால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு வழக்குகளைச் சொல்ல வேண்டும்.

2018 ஜனவரியில் இங்கிலாந்தில் ஒருவர் பெட்பிரெட் நிறுவனத்தின் பிளாக்ஜாக் விளையாட்டில் 17 இலட்சம் பவுண் வென்றார். மென்பொருளில் கோளாறு என்று நிறுவனம் கைவிரித்தது. வெளியே பேசாமல் இருந்தால் 60,000 பவுண் தருவதாகவும் சொல்லிப் பார்த்தது. அவர் மறுத்து வழக்குப் போட்டார். கோளாறு ஏற்பட்டால் பணம் தரவேண்டியதில்லை என்ற விதியைப் புதைத்து வைத்திருக்கிறீர்கள், ஆட்டக்காரரின் கண்ணில் படும்படி வைக்கவில்லை, அதை நம்பி நீங்கள் தப்ப முடியாது என்ற பொருளில் 2021 ஏப்ரலில் இலண்டன் உயர் நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 2020 இல் பாடி பவர் தளத்தில் ஒரு பெண்ணுக்குத் திரையில் 11 இலட்சம் பவுண் பெரும்பரிசு விழுந்தது. காட்சியில் பிழை, உங்களுக்கு உரியது சிறு பரிசுதான் என்று சுமார் 20,000 பவுணை மட்டும் கொடுத்தார்கள். 2025 மார்ச்சில் அவரும் வென்றார். திரை காட்டியதைக் கொடுக்க வேண்டும் என்றது நீதிமன்றம்.

அவர்கள் இருவருக்கும் உரிமம் பெற்ற நிறுவனம் ஒன்று எதிரில் இருந்தது, போவதற்கு ஒரு நீதிமன்றம் இருந்தது. கொழும்பில் திறக்கும் தளங்களின் அடிப்பக்கத்தில் பெரும்பாலும் குராசோ என்ற பெயரைப் பார்க்கலாம். வெனிசுவேலாவுக்கு வடக்கே கரீபியன் கடலில் இருக்கும் தீவு, குடித்தொகை சுமார் ஒன்றரை இலட்சம். அங்கே பல வருடங்களாக நான்கு நிறுவனங்கள் மட்டும் தலைமை உரிமத்தை வைத்துக்கொண்டு, அதன் கீழ் எத்தனை தளங்களுக்கும் துணை உரிமம் விற்றுவந்தன. முறைப்பாடு செய்தால் அது அரசாங்கத்திடம் போகாது, அந்த உரிமத்தை விற்றுப் பணம் வாங்கிய நிறுவனத்திடமே போகும். 2024 டிசம்பரில் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்து அந்த முறை முடிவுக்கு வந்தது. கடுமை கூடியவுடன் சில தளங்கள் கொமொரோஸ் தீவுகளில் உள்ள அஞ்சுவானின் உரிமத்துக்கு மாறிக்கொண்டன. பெயர்ப்பலகை மாறியது, விதிமுறைப் பக்கம் அப்படியே இருக்கிறது.

பெரிய பெயராக இருந்தால் பாதுகாப்பு என்றும் நினைக்க வேண்டாம். பணம் கிடைக்காத ஆட்டக்காரர்களின் சார்பில் போடப்பட்ட வழக்கில், 1எக்ஸ்பெட் என்ற பந்தயத் தளத்தின் பின்னால் இருந்த குராசோ நிறுவனம் 2022 இல் அந்தத் தீவின் நீதிமன்றத்தாலேயே வங்குரோத்து என்று அறிவிக்கப்பட்டது. அதற்கு முன் ஃபுல் டில்ட் என்ற போக்கர் தளம். 2011 மார்ச் முடிவில் அது ஆட்டக்காரர்களுக்குத் தரவேண்டியிருந்த தொகை சுமார் 39 கோடி டொலர், வங்கியில் இருந்தது சுமார் 6 கோடி. மீதியை உரிமையாளர்களும் பணிப்பாளர்களும் பிரித்துக்கொண்டார்கள் என்று அமெரிக்க அரசு வழக்கறிஞர்கள் குற்றஞ்சாட்டினார்கள். திரையில் தெரியும் மீதி ஓர் எண். அதற்குப் பின்னால் பணம் தனியாக எடுத்து வைக்கப்பட்டிருக்கிறதா என்பது ஆட்டக்காரருக்குத் தெரிய வழியில்லை.

எங்கள் நாட்டுச் சட்டம் இதில் என்ன செய்யும்? நீண்ட காலமாக 1889 ஆம் ஆண்டின் சூதாட்டக் கட்டளைச் சட்டமும், கசினோக் கட்டடங்களை மனதில் வைத்து எழுதப்பட்ட 2010 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சட்டமும்தான் இருந்தன. சூதாட்டக் கடனை நீதிமன்றத்தின் மூலம் அறவிட முடியாது என்பது உரோமன் டச்சுச் சட்டத்தின் பழைய நிலைப்பாடு. ஆகவே புதுக்கடை நீதிமன்றத்துக்குப் போய் வழக்குப் போடலாம் என்று தம்பிக்கு என்னால் சொல்ல முடியவில்லை. கொழும்பில் சிட்டி ஒஃப் ட்ரீம்ஸ் கசினோ திறக்கப்பட்ட 2025 இல், சூதாட்ட ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையை அமைப்பதற்கான சட்டத்தையும் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. இணையச் சூதாட்டமும் அதன் வரம்புக்குள் வருகிறது. அது நல்ல தொடக்கம் என்றுதான் நினைக்கிறேன். ஆயினும் அஞ்சுவானில் உரிமம் வாங்கி, வேறெங்கோ கணினியை வைத்து, சென்னைத் தமிழில் விளம்பரம் போட்டு, வெள்ளவத்தையில் பணம் வாங்குகிற ஒருவனை அந்தச் சட்டம் எட்டிப் பிடிக்க வேண்டும். இந்தியா 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை முற்றாகத் தடைசெய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. அந்தச் சென்னைத் தமிழ் விளம்பரம் இன்னும் என் தொலைபேசிக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது.

பணம் எப்படிப் போகிறது என்பதையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஆபத்தின் இன்னொரு முகம் அங்கே இருக்கிறது. தம்பி அட்டை மூலம் கட்டவில்லை. வைப்பு என்று அழுத்தியவுடன் உள்ளூர் வங்கிக் கணக்கு எண் ஒன்று வந்தது, ஒரு தனி ஆளின் பெயரில். பதினைந்து நிமிடத்துக்குள் அனுப்பி ஸ்லிப்பைப் படமெடுத்துப் போடச் சொன்னது. அடுத்த முறை வேறு பெயர், வேறு வங்கி. அவனிடம் இருந்த ஸ்லிப்புகளில் ஏழு வெவ்வேறு ஆட்களின் பெயர்கள் இருந்தன. அவர்கள் யார்? மாதத்துக்கு ஒரு தொகை வாங்கிக்கொண்டு தங்கள் கணக்கை இன்னொருவர் பாவிக்கக் கொடுத்தவர்களாகத்தான் இருப்பார்கள், பலர் தம்பியின் வயதுக்காரர்கள். பொலிஸ் விசாரணை என்று வந்தால் முதலில் அகப்படுவது கணக்கில் பெயர் இருப்பவர். 2006 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கப் பணச் சலவை தடைச் சட்டம் "கணக்கை வாடகைக்குத்தான் கொடுத்தேன்" என்பதை ஒரு சாட்டாக ஏற்றுக்கொள்ளும் என்று யாரும் நம்பியிருக்கக்கூடாது. 2024 ஜூனில் மடிவெல, பத்தரமுல்ல, நீர்கொழும்புப் பகுதிகளில் வாடகை வீடுகளில் இருந்து இணைய நிதி மோசடி செய்ததாகச் சுமார் 60 இந்தியர்களைக் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் கைதுசெய்தது பலருக்கு நினைவிருக்கும். அத்தகைய கூட்டங்களுக்கும் இதே உள்ளூர்க் கணக்குகள்தான் தேவைப்படுகின்றன.

இனித் தரகர்களின் கதை. ஆள் பிடித்துக் கொடுத்துப் பங்கு வாங்குபவரை இந்தத் தொழிலில் அஃபிலியேட் என்கிறார்கள், தமிழில் தரகர் என்றாலே போதும். தம்பியும் ஒரு தரகன் என்பது அன்று பின்னேரம்தான் எனக்குத் தெரிந்தது. தன் பெயரில் கிடைத்த இணைப்பை நண்பர்களின் வட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறான். "நீங்கள் கொண்டுவரும் ஆட்டக்காரர் இழக்கும் தொகையில் 30 சதவீதம், வாழ்நாள் முழுவதும்" என்பது அவனுக்குச் சொல்லப்பட்ட வாக்குறுதி.

அந்த 30 சதவீதத்தை நான் கணக்குப் போட்டுக் காட்டினேன். கொண்டுவந்த ஆட்கள் 10 இலட்சம் ரூபாய் இழந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதிலிருந்து அவர்களுக்குக் கொடுத்த போனஸ் என்று 3 இலட்சம் கழியும். "நிர்வாகக் கட்டணம்" என்று மொத்தத் தொகையில் 20 சதவீதம், அதாவது 2 இலட்சம் கழியும். பணப் பரிமாற்றச் செலவு என்று 50,000. மிஞ்சுவது நாலரை இலட்சம். அதில் 30 சதவீதம் 1,35,000 ரூபாய். மூன்று இலட்சம் என்று நினைத்தவனுக்குப் பாதிகூட இல்லை. இந்தக் கழிவுகளின் அளவை மாற்றும் உரிமை கசினோவிடம் இருக்கிறது. கொடுத்த போனஸ் உண்மையில் எவ்வளவு என்று தரகர் பார்க்க முடியாது. யார் எவருடைய இணைப்பால் வந்தார் என்று குறித்துவைக்கும் ஏடும் கசினோவின் கையில்தான். தரகர் கொண்டுவந்த பத்துப் பேரில் இரண்டு பேரை அந்த ஏட்டிலிருந்து அமைதியாக நீக்கிவிடுவதைச் சீவல் என்று இந்தத் தொழிலில் உள்ளவர்களே சொல்கிறார்கள். மரத்தைச் சீவுவதுபோல், ஒவ்வொரு முறையும் மெல்லியதாக. கணக்காய்வு செய்ய வெளியாள் எவரும் கிடையாது. என் தொழிலில் இப்படி ஒரு பேரேட்டைக் கொண்டுவந்தால் கையெழுத்துப் போடமாட்டேன்.

இன்னும் ஒன்று, மறைத் தொகையை, அதாவது பூச்சியத்துக்குக் கீழே போன கணக்கை, சுமப்பது. தரகர் கொண்டுவந்த ஒருவர் இந்த மாதம் பெரிதாக வென்றுவிட்டால் தரகரின் கணக்கு மறையில் போகும். சில திட்டங்களில் அடுத்த மாதம் பூச்சியத்திலிருந்து தொடங்கும், சிலவற்றில் அந்த மறைத் தொகை தீரும்வரை ஒரு சதமும் வராது. மாதத்துக்கு இத்தனை புதிய ஆட்களைக் கொண்டுவராவிட்டால் பழைய ஆட்களின் பங்கும் குறையும் என்ற விதி வேறு. "வாழ்நாள்" என்ற சொல்லின் ஆயுள் எவ்வளவு என்பதற்கு, 2008 இல் கிரான்ட் பிரிவே என்ற கசினோக் குழு செய்ததைத் தரகர்கள் இன்றும் உதாரணம் காட்டுகிறார்கள். தரகர் திட்டத்தை மூடியது, அவர்கள் கொண்டுவந்த ஆட்டக்காரர்களைத் தன்னிடம் வைத்துக்கொண்டது, பங்கு கொடுப்பதை நிறுத்தியது. 2017 இல் ஸ்கை பெட் தன் இங்கிலாந்துத் தரகர் திட்டத்தை மூடியது. அது ஒழுங்குவிதிகளைக் காரணம் காட்டி வெளிப்படையாக எடுத்த முடிவு, இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது. ஆயினும் தரகரின் பக்கத்திலிருந்து பார்த்தால் பாடம் ஒன்றுதான். கசினோ வேண்டாம் என்று முடிவுசெய்த நாளோடு வாழ்நாள் முடிந்துவிடுகிறது.

தரகர் ஏமாற்றப்படுவதை நினைத்து நான் வருந்துகிறேன், ஆனால் ஆட்டக்காரனை நினைத்து வருந்தும் அளவுக்கு வருந்த என்னால் முடியவில்லை. தரகரின் வருமானம் ஆட்டக்காரனின் இழப்பிலிருந்து வருகிறது. "சிறந்த பத்து கசினோக்கள்" என்று இணையத்தில் வரிசைப்படுத்துபவர்கள் பெரும்பாலும் தரகர்கள். முதலிடத்தில் இருப்பது கூடிய பங்கு தருவதாக இருக்கலாம், நம்பகமானதாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. டெலிகிராமில் இன்னும் மோசம். விமானம் மேலே போகப் போக மடங்கு ஏறும் ஏவியேட்டர் விளையாட்டு இங்கே இளைஞர்களிடம் வெகுவாகப் பரவியிருக்கிறது. விமானம் எப்போது மறையும் என்று முன்கூட்டியே சொல்லும் செயலி இருப்பதாகக் குழுக்கள் நடத்துகிறார்கள். அப்படி ஒன்று இருக்க முடியாது. ஒவ்வொரு சுற்றின் முடிவும் எழுந்தமானமாக உருவாவது. செயலி வேலை செய்ய வேண்டுமானால் எங்கள் இணைப்பின் வழியாகவே புதிய கணக்குத் திறந்து இவ்வளவு தொகை வைப்புச் செய்யுங்கள் என்பார்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் மீதி எல்லாம். இங்கிலாந்தில் இப்படித் தரகர் சொன்ன பொய்க்கும் கசினோவே பொறுப்பு. தன் தளத்திலும் தரகர்களின் தளங்களிலும் தவறான விளம்பரங்கள் வந்ததற்காக பிஜிஓ நிறுவனத்துக்கு 2017 இல் 3 இலட்சம் பவுண் தண்டம் விதித்தார்கள். அதுதான் சரியான முறை என்று எனக்குப் படுகிறது. எங்கள் புதிய அதிகாரசபையும் முதலில் எழுத வேண்டிய விதிகளில் அது ஒன்றாக இருக்க வேண்டும்.

அதுவரைக்கும், ஆடியே தீருவேன் என்பவரிடம் நான் சொல்வது கொஞ்சம்தான். போனஸை வாங்க வேண்டாம். பாதி விதிகள் போனஸைச் சுற்றித்தான் கட்டப்பட்டிருக்கின்றன. பணம் போடுவதற்கு முன்பே அடையாள ஆவணங்களை அனுப்பி ஏற்றுக்கொள்ளச் செய்ய வேண்டும், ஏற்காவிட்டால் அத்தோடு விலகிவிடலாம். தளத்தில் சேர்ந்த அன்றே விதிமுறைப் பக்கத்தைச் சேமித்து வைக்க வேண்டும், அது பிறகு மாறும். தனி ஆளின் வங்கிக் கணக்கைக் காட்டினால் அனுப்பக்கூடாது. அட்டையில் கட்டிய பணத்துக்காவது வங்கியிடம் முறையிட ஒரு வழி இருக்கிறது, ஆளுக்கு ஆள் அனுப்பிய பணத்துக்கு அதுவும் இல்லை. உங்கள் கணக்கை எவருக்கும் வாடகைக்குக் கொடுக்கவே கூடாது. கடன்பட்டு, தூக்கமில்லாமல், வீட்டில் சொல்லப் பயந்துகொண்டு இருப்பவர்கள் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற எண்ணை அழைக்கலாம். அந்த நிலையில் இருப்பவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம் பேர், செட்டியார் தெருவில் நகை அடகு வைக்க நிற்கும் இளைஞர்களைப் பார்த்தால் எனக்கு இப்போது அந்த எண்ணம்தான் வருகிறது.

தம்பிக்கு அந்த 15,000 ரூபாயும் முழுதாக வரவில்லை. கட்டணம் கழித்து 13,200 வந்தது, எட்டாவது ஆள் ஒருவரின் கணக்கிலிருந்து. வந்த அன்று மாலை என்னிடம் வந்து, வட்ஸ்அப் குழுவிலிருந்து தன் இணைப்பை அழித்துவிட்டதாகக் காட்டினான். அழிப்பதற்கு முன் அதன் வழியாக மூன்று பேர் சேர்ந்திருந்தார்கள். தரகர் பக்கத்தைத் திறந்தான். மூவரில் ஒருவர் அந்த வாரம் 26,000 ரூபாய் இழந்திருந்தார். தம்பியின் பங்கு 3,510 ரூபாய் என்று காட்டியது. அதன் கீழே, குறைந்தபட்சக் கொடுப்பனவு 100 டொலர் என்று இருந்தது.

"அது யார்?" என்று கேட்டேன்.

"கொட்டாஞ்சேனையில் இருக்கிற மச்சான், அண்ணா. அவருக்கு இன்னும் ஒன்றும் சொல்லவில்லை" என்றான்.